கொரோனா வார்டில் நின்ற இளம் மருத்துவர்களின் மனநலம்: இப்போதாவது பேசுவோமா?

வைகைவாசி

பணி நேரம், உதவித்தொகை, மேற்படிப்புக் கலந்தாய்வு எனப் பலவற்றைப் பற்றி நம் மருத்துவர்களின் இந்த இணைய மன்றத்தில் பேசியிருக்கிறோம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா வார்டுகளில் நின்ற ஹவுஸ் சர்ஜன்களும் (எம்.பி.பி.எஸ். இறுதியில் ஓராண்டு பயிற்சி பெறுவோர்) பி.ஜி. எனப்படும் மேற்படிப்பு மாணவர்களும் மனத்தளவில் என்ன பாடுபட்டார்கள் என்பதைப் பற்றி மட்டும் யாரும் முறையாக எழுதவில்லை. அன்று வார்டில் இருந்தவர்கள் இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் பணியாற்றுகிறார்கள். சிலர் உதவிப் பேராசிரியர்களாகவும் ஆகிவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலானோர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

நான் 2019இல் தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்தவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களை வாட்டிய பதற்றத்தில் கிருமியைக் குறித்த அச்சம் ஒரு பகுதிதான். மீதியெல்லாம் பணி ஒதுக்கப்பட்ட விதத்திலிருந்தும், முடிவெடுக்கும் பொறுப்பு கீழே இறக்கிவிடப்பட்ட விதத்திலிருந்தும், எப்போது முடியும் என்றே தெரியாத காத்திருப்பிலிருந்தும் வந்தது. அதைத் தனிமனிதரின் மனவலிமைக் குறைவாகக் கருதி, மூச்சுப் பயிற்சிக் காணொளியும் ஆலோசனைத் தொலைபேசி எண்ணும் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

அச்சம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. ஏப்ரலில் எங்களுக்கு என்-95 முகக்கவசங்களை எண்ணித்தான் கொடுத்தார்கள். உடல் முழுவதையும் மூடும் பிபிஇ பாதுகாப்பு உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீரும் இல்லாமல் கழிப்பறைக்கும் போகாமல் நிற்பதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். உடையைக் கழற்றும்போதுதான் தொற்று ஏற்பட வாய்ப்பு அதிகம் என்று பயிற்சியில் சொல்லியிருந்ததால், கழற்றி முடித்து அறைக்கு வந்த பிறகு, 'கையுறையின் வெளிப்புறம் மணிக்கட்டில் பட்டதா, முகக்கவசத்தின் முன்பக்கத்தைத் தொட்டேனா' என்று ஒவ்வோர் அசைவையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே விடியும்வரை படுத்திருப்பதைப் பழகிக்கொள்ள முடியவில்லை.

அதே ஏப்ரலில் சென்னையில் நடந்தவை எங்களை வேறு விதமாக உடைத்தன. கொரோனாவால் இறந்த ஆந்திர மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்கவிடாமல் தடுத்தார்கள். சில நாட்களில், ஏப்ரல் 19 இரவு, நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்து விரட்டினார்கள். உடன் சென்ற சக மருத்துவர் நள்ளிரவில் திரும்பி வந்து தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். மூன்று நாட்களில், மருத்துவப் பணியாளரைத் தாக்கிப் படுகாயப்படுத்தினால் ஏழு ஆண்டுகள்வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் 'நமக்கு ஏதாவது ஆனால் அடக்கம் செய்யவாவது இடம் கிடைக்குமா' என்று 26 வயதில் யோசித்தவர்களுடன் உட்கார்ந்து பேச யாரும் வரவில்லை.

இரண்டாம் அலை இன்னும் கொடியது. 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆக்சிஜன் படுக்கை காலியாகும்வரை நோயாளிகள் ஆம்புலன்ஸிலேயே காத்திருந்தார்கள். அடுத்த படுக்கை யாருக்கு என்பதை இரவு இரண்டு மணிக்கு முடிவு செய்தவர், பல இடங்களில், இரண்டாமாண்டு பி.ஜி. மாணவர். அதற்கான எழுத்துப்பூர்வமான வழிகாட்டுதல் எங்கள் கையில் இருக்கவில்லை. உள்ளே அனுமதித்தவரின் முகம் நினைவில் இல்லை. காத்திருக்கச் சொன்னவரின் முகம் இருக்கிறது. இதைப் பதற்றம் என்ற ஒரே பெட்டியில் போட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

தாமிரபரணி

வைகைவாசி அண்ணா எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 2015 பேட்ச். 2020இல் ஊரடங்குடன் சேர்ந்தே என் ஹவுஸ் சர்ஜன் ஆண்டும் தொடங்கியது. மகப்பேறு, அறுவை, குழந்தை மருத்துவம் என்று சுழற்சியில் கற்க வேண்டிய காலத்தின் பெரும்பகுதி பரிசோதனைக்காக மூக்கு, தொண்டையில் ஸ்வாப் எடுப்பதிலும் கொரோனா வார்டிலும் கழிந்தது. மருத்துவராகக் கற்றுக்கொள்ளவே இல்லையோ என்ற கவலை எனக்கு இன்றும் இருக்கிறது, இதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் மாலை ஐந்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே நிற்கும் உறவினர்களிடம் நோயாளிகளின் நிலைமையைச் சொல்லும் வேலை ஹவுஸ் சர்ஜனுடையது. கையில் ஒரு பட்டியல் இருக்கும். படுக்கை எண், பெயர், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்பது), எத்தனை லிட்டர் ஆக்சிஜன் கொடுக்கிறோம். பத்து லிட்டர் கொடுத்தும் 88தான் என்றால் நிலைமை மோசம் என்று எனக்குத் தெரியும், எதிரில் நிற்கும் மகளுக்குத் தெரியாது. "சாப்பிட்டாராம்மா?" என்றுதான் கேட்பார்கள். இறப்பைத் தொலைபேசியில் தெரிவிப்பதும் எங்கள் வேலைதான். அதை எப்படிச் சொல்வது, முதலில் எதைச் சொல்வது, மறுமுனையில் இருப்பவர் தனியாக இருக்கிறாரா என்று எப்படிக் கேட்பது என எதையுமே எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் இறப்புச் சான்றுக்கான படிவம் 4 எழுத வேண்டும். ஓர் இரவில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே காரணத்தை ஒரே வரிகளில் எழுதிக்கொண்டே போனபோது, பெயரை மாற்றி எழுதிவிடுவேனோ என்று கை நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் பிறகு வார்டு போன் அடிக்கும் போதெல்லாம் வந்தது. நெஞ்சு படபடக்கும், விரல் நுனி சில்லிடும், மூச்சு முட்டுவது போல இருக்கும். மூச்சு முட்டினால் எனக்கும் தொற்று வந்துவிட்டது என்று தோன்றும், உடனே விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பேன். 99 காட்டும். பத்து நிமிடத்தில் மறுபடியும் பார்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்தால் முதுநிலை நீட் எழுதிப் படிக்கப் போய்விடலாம் என்ற எண்ணம்தான் எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. 2021 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த தேர்வை மூன்று நாட்களுக்கு முன்பு தள்ளிவைத்தார்கள். மே 3 அன்று, இன்னும் நான்கு மாதங்களுக்காவது தேர்வு இல்லை என்றும், நூறு நாள் கொரோனா பணி செய்தால் அரசு வேலையில் முன்னுரிமை என்றும் அறிவித்தார்கள். இரண்டாம் அலையின் நடுவே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தற்காலிக மருத்துவராக வார்டுக்குத் திரும்பினேன். தேர்வு செப்டம்பர் 11 அன்று நடந்தது. பிறகு இடஒதுக்கீடு குறித்த வழக்கால் கலந்தாய்வு நின்றது. டிசம்பரில் டெல்லியில் உறைவிட மருத்துவர்கள் (மேற்படிப்பு படித்துக்கொண்டே மருத்துவமனையில் பணியாற்றுபவர்கள்) வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 ஜனவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கலந்தாய்வு தொடங்கியது. அந்த ஓராண்டில் நான் மாணவியும் இல்லை, மருத்துவராக நிலைத்தவளும் இல்லை. "எப்போம்மா சேரப்போறே?" என்று வீட்டில் கேட்டால் பதில் இருக்காது. வார்டில் இருந்ததைவிட அந்தக் காத்திருப்பில்தான் எனக்குத் தூக்கம் முற்றிலும் கெட்டது.

வெள்ளைக்கோட்டு 1985

நான் ஓய்வுபெற்ற பேராசிரியர். இளையவர்கள் மனம் திறந்து எழுதுவதை மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். நாங்கள் பயிற்சி மருத்துவர்களாக இருந்தபோது 36 மணி நேரம் தொடர்ந்து பணியாற்றுவது வழக்கம். வாந்திபேதியும் தொண்டை அடைப்பானும் (டிப்தீரியா) ரணஜன்னியும் (டெட்டனஸ்) நிறைந்த வார்டுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஆசிரியர்கள் எங்களிடம் கடுமையாகவே நடந்துகொண்டார்கள். மருத்துவத் தொழிலில் பதற்றம் இருக்கத்தான் செய்யும். அதைத் தாங்கப் பழகுவதும் பயிற்சியின் ஒரு பகுதி அல்லவா? ஒவ்வோர் அச்சத்தையும் நோயாகப் பெயரிட்டுவிட்டால், நெருக்கடியில் நிற்கக்கூடிய மருத்துவர்களை எப்படி உருவாக்குவது?

வைகைவாசி

ஐயா, தங்கள் அனுபவத்தை மதித்தே பதில் எழுதுகிறேன். 36 மணி நேரப் பணி தங்கள் காலத்தை அடுத்த சில ஆண்டுகளிலேயே சரியானதாகக் கருதப்படவில்லை. 1992ஆம் ஆண்டின் மத்திய உறைவிட மருத்துவர் திட்டமே, தொடர் பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. 2023இல் வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை விதிமுறைகளோ 'நியாயமான பணி நேரம், நியாயமான ஓய்வு' என்று எண் எதுவும் குறிப்பிடாமல் நின்றுவிட்டன. 2024 ஆகஸ்டில் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் கழித்து 74ஐக் கெஞ்சிக் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

தாங்கப் பழகுவது பற்றி: தங்கள் காலத்து வார்டில் நள்ளிரவில் சந்தேகம் வந்தால் யூனிட் சீஃப் (பிரிவின் தலைமை மருத்துவர்) நேரில் வருவார் என்று என் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடுமையாகத் திட்டினாலும் அருகில் இருந்தார். எங்களுக்கு அந்த அருகாமை இல்லாமல் போனது. மேலிருந்து முடிவெடுப்பவர் இல்லாமல் ஒருவரைத் தொடர்ந்து தனியே நிற்கவிடுவதைப் பயிற்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நொய்யல்

நான் மனநல மருத்துவர். பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் மருத்துவமனை ஊழியர்களுக்கான ஆலோசனைப் பிரிவில் இருந்தேன். பேராசிரியர் ஐயா கேட்ட கேள்வி நியாயமானது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அச்சம் நோயல்ல. ஆபத்து இருக்கும் இடத்தில் அச்சம் வரவில்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். ஆபத்து நீங்கிய பிறகும் உடல் ஆபத்து நிலையிலேயே நின்றுவிடுவதையும், அதனால் தூக்கம், பசி, கவனம், உறவு ஆகியவை குலைவதையும்தான் சிகிச்சை தேவைப்படும் பதற்றம் என்கிறோம். ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விகள் கொண்ட எளிய படிவம் இருக்கிறது, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும், மொத்த மதிப்பெண் 21, பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. தாமிரபரணி விவரித்த படபடப்பும் மூச்சுமுட்டலும் திரும்பத் திரும்ப ஆக்சிமீட்டர் பார்ப்பதும் நான் அந்நாட்களில் இளம் மருத்துவர்களிடம் மிக அதிகமாகக் கேட்ட அறிகுறிகள். கொரோனாவின் அறிகுறியும் பதற்றத்தின் அறிகுறியும் மூச்சிலேயே வந்து சந்தித்ததால், சோதித்துப் பார்ப்பதே அச்சத்தை வளர்க்கும் பழக்கமாகிவிட்டது.

வைகைவாசி கேட்ட இன்னொன்றுக்கு வருகிறேன். படுக்கை இல்லாமல் காத்திருக்கச் சொன்னவரின் முகம் நினைவில் நிற்பது பதற்றத்திலிருந்து வேறுபட்டது. தன் மனச்சாட்சிக்கு ஒவ்வாததைச் செய்ய வேண்டியிருந்ததால், அல்லது செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போனதால் உண்டாகும் காயம் அது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் முதலில் விவரிக்கப்பட்டது. 2020 மார்ச்சிலேயே, கொரோனா வார்டுகளில் பணியாற்றுவோருக்கும் இது நேரும் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர்கள் எச்சரித்து எழுதினார்கள். பதற்றத்துக்கு மாத்திரை உதவும். இதற்கு மாத்திரை கிடையாது. அந்த முடிவைத் தனியொருவர் மேல் சுமத்தாமல், பற்றாக்குறையை முன்னதாகவே சொல்லி, வழிகாட்டுதலை எழுத்தில் தந்து, மூத்தவர் கையெழுத்திடும் ஏற்பாடு இருந்திருந்தால் காயம் குறைந்திருக்கும். பணி ஏற்பாட்டைத் திருத்துவதே இங்கே மருத்துவம் என்பதில் வைகைவாசியுடன் முழுமையாக உடன்படுகிறேன்.

இது காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2003இல் டொராண்டோவில் சார்ஸ் பரவியபோது அந்நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் ஊழியர்களை ஓராண்டுக்கும் மேல் கழித்து ஆராய்ந்தார்கள். சார்ஸ் நோயாளிகள் இல்லாத மருத்துவமனைகளின் ஊழியர்களைவிட இவர்களிடம் பணியால் வரும் களைப்பும் (பர்ன்அவுட்) உளத்துயரமும் கூடுதலாக இருந்தன. நோயாளிகளுடன் செலவிடும் நேரத்தையே குறைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது. நம்மிடம் வந்தது சார்ஸைவிடப் பன்மடங்கு பெரியது.

உதவி என்ற பெயரில் செய்யப்பட்டவற்றில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கடுமையான பணிக்குப் பிறகு அனைவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நடந்ததை விவரிக்கச் சொல்லி, ஒரே அமர்வில் முடித்துவிடும் முறை பல இடங்களில் நடந்தது. அப்படிப்பட்ட ஒற்றை அமர்வு பிற்கால மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதாகச் சான்று இல்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் நெடுங்காலமாகவே சொல்லிவருகின்றன. கட்டாயப்படுத்தினால் சிலருக்குத் தீங்கும் நேரலாம். உதவுவது வேறு: வேளைக்குச் சாப்பாடு, தூங்க இருட்டான அறை, அடுத்த வாரப் பணிப்பட்டியல் முன்கூட்டியே கையில் கிடைப்பது, ஒரே ஆள் எல்லா இறப்புகளையும் அறிவிக்காமல் முறைவைத்துக்கொள்வது, 'நீ எப்படி இருக்கிறாய்' என்று அடிக்கடி கேட்கும் ஒரு மூத்தவர்.

கடைசியாக, மருத்துவர்களுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நம்மிடம் மருந்துச் சீட்டு இருக்கிறது. தூக்கம் வரவில்லையென்று அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையைத் தாமே எழுதிச் சாப்பிடத் தொடங்கி, மாதக்கணக்கில் விட முடியாமல் வந்தவர்களைப் பார்த்தேன். யாரும் அறியாமல் சமாளித்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் அவர்களை அங்கே கொண்டுபோய்விட்டது.

செவிலி பொன்னி

மருத்துவர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். நான் கொரோனா வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எங்களுக்கும் இதே பதற்றம் இருந்தது. ஒப்பந்தச் செவிலியர்களுக்கு வேலை நிலைக்குமா என்ற கவலையும் சேர்ந்திருந்தது. கொரோனா காலத்தில் எடுத்த சுமார் 2,300 செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதைத் தனி இழையில் பேசலாம். இங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருவர் இரவுப் பணியில் ஒவ்வோர் அரை மணி நேரத்துக்கும் வந்து, "சிஸ்டர், பதினான்காம் படுக்கைக்கு எவ்வளவு?" என்று கேட்பார். இப்போதுதானே பார்த்தீர்கள் என்றால், "இன்னொரு தடவை பார்த்துடுங்க" என்பார். அவருடைய தந்தையும் அதே வயது, அதே சர்க்கரை நோய் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நோயாளி இறந்த பிறகு, துணி அடுக்கும் அறையில் போய் நின்றுகொண்டார். நான் போய் எதுவும் பேசவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுத் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். அப்பாவுடன் ஐந்து நிமிடம் கிரிக்கெட் பற்றிப் பேசினார், பிறகு முகம் கழுவி வந்து வேலையைத் தொடர்ந்தார். அன்றைக்கு அவருடைய மூத்த மருத்துவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரும் மூன்று வார்டுகளுக்கு ஒரே ஆள். குறை சொல்ல மனம் வரவில்லை.

லீட்ஸில் ஒரு தமிழர்

நான் சென்னையில் படித்து, இங்கிலாந்தில் பணியாற்றுபவன். இங்கே எல்லாம் சிறப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 வசந்தத்தில் இங்கே முதலில் உயிரிழந்த மருத்துவர்களில் ஏறக்குறைய எல்லோருமே சிறுபான்மை இனப் பின்னணி கொண்டவர்கள். பெயர்களைப் படிக்கும்போது எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இறுதியாண்டு மாணவர்களை முன்னதாகவே பட்டம் கொடுத்து வார்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் இரண்டு ஏற்பாடுகள் உண்மையாகவே உதவின. ஒன்று, இளம் மருத்துவர்களின் 2016ஆம் ஆண்டு ஒப்பந்தம். சராசரி வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியான எந்த ஏழு நாட்களிலும் 72க்கு மேல் கூடாது, ஒரே ஷிஃப்ட் 13 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மீறினால் நாமே புகார் பதிவு செய்யலாம். அதைக் கண்காணிக்க ஒவ்வொரு மருத்துவமனைக் குழுமத்திலும் தனி அலுவலர் இருக்கிறார். இரண்டாவது, மருத்துவர்களுக்காகவே இயங்கும் ரகசிய மனநலச் சேவை, 2008இல் லண்டனில் தொடங்கியது. என் மருத்துவமனைக்குத் தெரியாமல் நானே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். இலவசம். அங்கே சிகிச்சை தருபவர் என் பேராசிரியருக்கு நண்பரோ, நாளை என்னைத் தேர்வு செய்யப்போகும் தேர்வாளரோ அல்லர். நம் ஊரில் இதுதான் முதலில் வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே கல்லூரியில் படித்து, அதே கல்லூரி மனநலத்துறையில் துறைத் தலைவர் முன் போய் உட்கார யாருக்குத் துணிவு வரும்?

வெள்ளைக்கோட்டு 1985

வைகைவாசியின் பதிலையும் செவிலியர் அம்மையார் எழுதியதையும் இரண்டு நாட்களாக யோசித்தேன். ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். 2020இல் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள எங்களில் பலரை வார்டுக்குள் போக வேண்டாம் என்றார்கள். மருத்துவ ரீதியாக அது சரியான முடிவுதான். ஆனால் அதனால் ரவுண்ட்ஸ் தொலைபேசிக்கு மாறியது. வாட்ஸாப்பில் வரும் எக்ஸ்ரே படத்தையும் ரத்தப் பரிசோதனை எண்களையும் பார்த்து நாங்கள் ஆலோசனை சொன்னோம். நோயாளியின் முகத்தையும் அவர் முன் நிற்கும் மாணவரின் முகத்தையும் பார்க்கவில்லை. பாதுகாப்பு கருதி மேலே இருந்தவர்களை விலக்கியபோது, அவர்கள் சுமந்த பொறுப்பை யார் சுமப்பார் என்று எவரும் கேட்கவில்லை. 40 வயதுக்குட்பட்ட உதவிப் பேராசிரியர்களை இரவுப் பணிக்குக் கூடுதலாக அமர்த்தியிருக்கலாம். இடங்கள் காலியாகவே கிடந்தன. வைகைவாசி அருகாமை என்று குறிப்பிட்டதை நான் ஏற்கிறேன். தாங்கும் பழக்கம் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. அதைத் தனியாகக் கற்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வைகைவாசி

நன்றி ஐயா. ஒரு மூத்தவர் இதை எழுத்தில் சொல்வதற்குத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

2021இன் பின்பாதியையும் இதனுடன் சேர்க்க வேண்டும். தாமிரபரணியின் பேட்ச் கலந்தாய்வுக்காக வெளியே காத்திருந்தபோது, உள்ளே எங்களுக்கு முதலாண்டு மாணவர்களே இல்லை. மூன்று ஆண்டு மாணவர்கள் செய்ய வேண்டிய வேலையை இரண்டு ஆண்டு மாணவர்கள் செய்தோம். படிப்பை முடிக்கவேண்டிய இறுதியாண்டினரையும் புதியவர்கள் வரும்வரை பணியில் தொடரச் சொன்னார்கள். வெளியே நின்றவருக்கும் உள்ளே சிக்கியவருக்கும் ஒரே தாமதம்தான் காரணம். அன்று அரசு கொடுத்த 20,000 ரூபாய் ஊக்கத்தொகையை நன்றியுடன்தான் வாங்கினேன். ஆனால் அந்த மாதங்களில் கேட்டிருந்தால், அதற்குப் பதில் வாரம் ஒரு முழு நாள் விடுப்பு போதும் என்றிருப்பேன்.

முன்பு சொன்ன ஆணையத்தின் மனநலப் பணிக்குழு அறிக்கையில் மனம் கனத்த இன்னோர் இடம்: 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் இணையவழியில் பதிலளித்ததில், தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னவர்கள் இளநிலையில் 27.8 விழுக்காடு, முதுநிலையில் 15.3 விழுக்காடு. முதுநிலையில் எண் குறைவதை நலம் என்று படிக்க எனக்கு மனம் வரவில்லை. நேரமில்லாததாலும் சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ என்ற தயக்கத்தாலும் குறைந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

புதிய கோட்டு

வணக்கம். நான் இப்போது ஹவுஸ் சர்ஜன். கொரோனா வந்தபோது பள்ளியில் இருந்தேன், ஆகவே அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் தாமிரபரணி அக்கா எழுதிய படபடப்பு எனக்கு இரண்டு மாதங்களாக இருக்கிறது. இரவுப் பணிக்கு முன்பு வாந்தி வருகிறது. எங்கள் கல்லூரியிலேயே மனநலத்துறை இருக்கிறது, அங்கே போனால் என் பி.ஜி. அண்ணன்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் எனக்கு அங்கேயே போஸ்டிங். என்ன செய்யலாம்?

நொய்யல்

இங்கே எழுதியதே நல்லது, தம்பி. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

உங்கள் கல்லூரியில்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பக்கத்து மாவட்ட மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்கோ தனியார் மருத்துவரிடமோ போகலாம். எங்கே போனாலும், 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் ரகசியத்தைப் பாதுகாக்கிறது; அதை உங்கள் துறைத் தலைவரிடம் சொல்ல, சிகிச்சை தருபவருக்கு உரிமை இல்லை. முதலில் பேசிப் பார்க்க மட்டும் விரும்பினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். 2022 இறுதியில் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களின் மனநலத்துக்காகத் தொடங்கப்பட்ட 'மனம்' மன்றம் உங்கள் கல்லூரியில் உயிருடன் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, வெளியே போவதில் தவறே இல்லை.

தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். படபடப்புக்கு அவையும் காரணமாக இருக்கலாம். இரவுப் பணிக்கு முன் டீ, காபியைக் குறையுங்கள். அல்பிரசோலமோ படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலாலோ வார்டிலிருந்து எடுத்து நீங்களே தொடங்க வேண்டாம், நண்பர் கொடுத்தாலும் வேண்டாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் ஓ.பி. நேரத்துக்காகக் காத்திருக்காமல் அந்த நிமிடமே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாத மனநலத்துறை போஸ்டிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பயிற்சிக்குப் போகிறீர்கள், நோயாளியாக அல்ல. இந்த வாரம் உடன் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி ஓர் இரவு டூட்டியைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்த மாவட்டம் என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுதினால், வெளியே பார்க்கக்கூடிய இடங்களையும் அவற்றின் ஓ.பி. நாட்களையும் அனுப்புகிறேன்.